சிபி ரேடியோவை ‘டியூன்’ செய்யக் கொடுக்கும் முன்: நல்ல டெக்னீசியனையும் போலி மாற்றங்களையும் அடையாளம் காண்பது

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் இளைப்பாறும் இடங்களில் சிபி ரேடியோ (‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ என்ற, பொதுமக்கள் பேசும் குறுந்தூர ரேடியோ) கடை இருந்தால், அதன் வாசலில் பெரும்பாலும் ‘பீக் அண்ட் டியூன்’ (திறனை உச்சத்துக்கு ஏற்றிச் சீராக்கித் தருவது) என்ற அறிவிப்பும் இருக்கும். 4 வாட் ரேடியோவை உள்ளே கொடுத்தால், கால் மணி நேரத்தில் ‘30 வாட் ஸ்விங்’ (பேசும்போது மீட்டர் 30 வாட்வரை துள்ளும்) என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். மீட்டர் முள் துள்ளுவதைக் கண்ணெதிரே காட்டுவார்கள். மைக்கில் விசிலடித்தும் காட்டுவார்கள். பணம் கொடுத்துவிட்டுச் சாலைக்கு வந்த பிறகு, எதிரில் வரும் லாரிக்காரர் ‘நீ பேசுவது புரியவில்லை’ என்பார்.

இந்தக் கண்கட்டு வித்தையில் சிக்காமலிருக்க மின்னணுவியல் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் கணக்கும் நூறு, இருநூறு டாலருக்குள் அடங்கும் கருவிகளும், கடைக்காரரிடம் கேட்கச் சில கேள்விகளும் போதும்.

சட்டம் விடும் இடம் எவ்வளவு

அமெரிக்காவில் சிபிக்கு 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை 40 சேனல்கள். 1977 வரை 23 சேனல்களே இருந்தன. ஏ.எம். முறையில் கேரியர் (குரலைச் சுமந்து செல்லும் அடிப்படை அலை) 4 வாட்டைத் தாண்டக் கூடாது. எஸ்.எஸ்.பி. (கேரியர் இல்லாமல் ஒரு பக்க அலையை மட்டும் அனுப்பும்) முறையில் உச்சத் திறன் 12 வாட். 2021-இல் அனுமதிக்கப்பட்ட எஃப்.எம். முறைக்கும் 4 வாட்தான். பேசுபவருக்கு உரிமம் வேண்டாம், ஆனால் ரேடியோ எஃப்.சி.சி. (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) சான்று பெற்றதாக இருக்க வேண்டும். உள்ளே கைவைத்துத் திறனைக் கூட்டினால் அந்தச் சான்றுக்குப் பொருளில்லை. வெளியே இணைக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயருக்கு (திறன்பெருக்கி) தடை இருக்கிறது.

ஆகவே நேர்மையான டெக்னீசியன் செய்யக்கூடியது குறுகிய எல்லைக்குள்தான்: தொழிற்சாலையில் சரியாக அலைன் ஆகாமல் (உள்ளமைப்பு சீராகப் பொருந்தாமல்) 3 வாட் தரும் ரேடியோவை 4-க்குக் கொண்டுவரலாம், 70 சதவீத மாடுலேஷனை (குரல் கேரியரை ஏற்றி இறக்கும் அளவை) 95-க்கு ஏற்றலாம், அதிர்வெண் விலகலைத் திருத்தலாம், ரிசீவரைச் சீராக்கலாம். அதற்கு மேல் யார் வாக்குக் கொடுத்தாலும், எதை இழந்து அதைத் தருகிறார் என்று கேளுங்கள்.

முதலில் கணக்கு

4 வாட் கேரியரை 100 சதவீதம் மாடுலேட் செய்தால் மின்னழுத்தம் இரட்டிப்பாகும், உச்சத் திறன் நான்கு மடங்காகி 16 வாட் ஆகும். சராசரித் திறன் 6 வாட். பெட்டியிலிருந்து எடுத்த ரேடியோவே 85 சதவீத மாடுலேஷனில் சுமார் 13.7 வாட் உச்சம் தரும். ‘உன் ரேடியோவை 15 வாட்டுக்கு ஏற்றிவிட்டேன்’ என்பவர், உச்சம் காட்டும் மீட்டருக்கு மாறியதைத் தவிர வேறொன்றும் செய்யாமலிருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது டெசிபெல். திறன் இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். எதிர்முனை ரிசீவரின் மீட்டரில் ஒரு ‘எஸ்’ அலகு என்பது வழக்கப்படி 6 டெசிபெல். அதாவது எதிரில் இருப்பவரின் முள் ஒரே ஒரு கோடு நகர, நீங்கள் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். 4 வாட்டை 8 ஆக்கினால் அரைக் கோடு. இதை மனதில் வைத்தால் பாதி விளம்பரங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, ஃபியூஸ். 13.8 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியே ரேடியோவுக்குள் தொடர்ந்து போகக்கூடியது 27.6 வாட். அதிலிருந்துதான் ஒலிப்பகுதி, விளக்கு, வெப்பம் எல்லாம். சுத்தமான 50 வாட் உச்சம் வேண்டுமென்றால் கேரியர் 12.5 வாட், முழு மாடுலேஷனில் சராசரி 18.75 வாட். மொத்தச் செயல்திறன் பாதி என்று வைத்தாலும் 37 வாட்டுக்கு மேல் உள்ளே போக வேண்டும், அதாவது சுமார் 2.7 ஆம்பியர். ‘50 வாட்’ என்கிறவர் ஃபியூஸை மாற்றவில்லை என்றால் அவர் சொல்லும் வாட் சுத்தமானதல்ல. மாற்றியிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளுக்கும் பலகைத் தடங்களுக்கும் காவல் போய்விட்டது.

ரேடியோவைக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே அளந்து வையுங்கள்

தேவையானவை: 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் போலிச் சுமை, 50 வாட் தாங்குவது), 13.8 வோல்ட் மின்வழங்கி (5 ஆம்பியருக்குக் குறையாமல்), உச்சமும் சராசரியும் தனித்தனியாகக் காட்டும் வாட் மீட்டர், 10 ஆம்பியர் வரை அளக்கும் மல்டிமீட்டர். நானோவி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்க), டைனிஎஸ்.ஏ. (வெளிவரும் அதிர்வெண்களைப் பார்க்க) போன்ற கையடக்கக் கருவிகள் இருந்தால் இன்னும் நல்லது.

ஆன்டெனாவிலிருந்து தொடங்குங்கள். ‘ரேடியோ எட்டவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை ரேடியோவைச் சேர்ந்தவையே அல்ல. சேனல் 1, 19, 40 மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்) பாருங்கள். 40-இல் அதிகம், 1-இல் குறைவு என்றால் ஆன்டெனா நீளம், கொஞ்சம் குறைக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் நீட்ட வேண்டும். மூன்று சேனல்களிலும் 3-க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடாதீர்கள்: கேபிள் உள்ளே ஷார்ட், இணைப்பில் நீர், அல்லது தாங்கி வண்டியின் உடலோடு சரியாக கிரவுண்ட் ஆகவில்லை. 1.5 என்றால் திரும்பி வருவது 4 சதவீதம், 2 என்றால் 11, 3 என்றால் 25. எனவே 1.5-ஐ 1.1 ஆக்க நாள் முழுக்கப் போராடுவது வீண். ஆனால் தரமான 102 அங்குலக் கம்பிக்கும் ஒன்றரை அடிக் குட்டை ஆன்டெனாவுக்கும் உள்ள வித்தியாசம், எந்த டியூனும் தர முடியாத வித்தியாசம். குட்டை ஆன்டெனாவும் 1.1 காட்டும். டம்மி லோடுகூட 1.0 காட்டும், அதிலிருந்து அலை எங்கும் போகாது.

அடுத்து மின்னழுத்தம். என்ஜின் ஓடும்போது, மைக்கை அழுத்திக்கொண்டு, ரேடியோவின் பவர் பிளக்கிலேயே அளந்து பாருங்கள். பாட்டரியில் 13.8 இருந்து பிளக்கில் 12 இருந்தால் திறன் கிட்டத்தட்ட முக்கால்வாசிக்கு இறங்கியிருக்கும், ஏனென்றால் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைத் தொடரும். சிகரெட் லைட்டர் குழியிலிருந்து எடுத்த மெல்லிய கம்பியை விட்டுவிட்டு, பாட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராகக் கம்பி இழுத்தால் இந்த ‘டியூன்’ இலவசம்.

பிறகு டம்மி லோடில் போட்டு, மூன்று சேனல்களிலும் கேரியர் எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே எல்லாப் பக்கமும் தெளிவாகப் படம் எடுங்கள். காயில்களின் மேலுள்ள மெழுகு, சிறு பொட்டென்ஷியோமீட்டர்களின் (திருகிச் சரிசெய்யும் மின்தடைகள்) நிலை, ஃபைனல் டிரான்சிஸ்டரின் (ஆன்டெனாவுக்குத் திறன் தரும் கடைசி டிரான்சிஸ்டர்) எண் ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். திரும்பி வரும்போது எது மாறியது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொரு சோதனைக்கு நண்பர் ஒருவர் வேண்டும். அவர் சில நூறு மீட்டர் தள்ளி நின்று, நீங்கள் 19-இல் பேசும்போது 18-இலும் 20-இலும் என்ன கேட்கிறது என்று பதிவு செய்யட்டும். 18 இருப்பது 10 கிலோஹெர்ட்ஸ் கீழே. 20 இருப்பதோ 20 கிலோஹெர்ட்ஸ் மேலே, நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அதனால் 20-இலும் சிதறல் (பக்கத்துச் சேனலில் வழியும் ஒலி) கேட்டால் நிலைமை மோசம்.

டெக்னீசியனிடம் கேட்க வேண்டியவை

‘எந்தக் கருவிகளை வைத்து அலைன் செய்கிறீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். ஆஸிலோஸ்கோப், அதிர்வெண் எண்ணி, ரிசீவருக்கு சிக்னல் ஜெனரேட்டர், ஸ்பெக்ட்ரம் அனலைசர் அல்லது இவை எல்லாம் சேர்ந்த சர்வீஸ் மானிட்டர் என்று பதில் வர வேண்டும். வாட் மீட்டரும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் என்றால் வெளியே வந்துவிடுங்கள். இப்படிப்பட்டவருக்கு அமெரிக்க ரேடியோ வட்டாரம் வைத்த கேலிப்பெயர் ‘தங்க ஸ்க்ரூடிரைவர்’: எது திரும்புமோ அதையெல்லாம் மீட்டர் ஏறும்வரை திருப்புகிறவர்.

‘முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை எழுதித் தருவீர்களா?’ கேரியர் திறன், மாடுலேஷன் சதவீதம், அதிர்வெண் விலகல், ரிசீவர் உணர்திறன், இரண்டாம் ஹார்மோனிக் (இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் வேண்டாத அலை) எவ்வளவு அடங்கியிருக்கிறது ஆகிய ஐந்தும் போதும். அளந்தவருக்கு இதை எழுத இரண்டு நிமிடம். அளக்காதவர்தான் ‘தொழில் ரகசியம்’ என்பார்.

‘லிமிட்டரை செட் செய்வீர்களா, வெட்டுவீர்களா?’ இந்த ஒரு கேள்வியே பலரைப் பிரித்துக் காட்டிவிடும். காரணம் கீழே வருகிறது.

‘கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?’ தயங்கினால் காரணம் கேளுங்கள்.

அவர் உங்களைத் திருப்பிக் கேட்பதையும் கவனியுங்கள். என்ன ஆன்டெனா, எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு, எங்கே பொருத்தியிருக்கிறது, எப்போதிலிருந்து இந்தக் குறை என்று விசாரிப்பவர் நோயைத் தேடுகிறார். ‘ரேடியோவில் ஒன்றுமில்லை, கேபிளை மாற்றுங்கள்’ என்று சொல்லிப் பார்வைக் கட்டணம் மட்டும் வாங்குபவரிடம் அடுத்த முறையும் போங்கள். எஃப்.சி.சி. தேர்வெழுதிப் பெறும் ஜெனரல் ரேடியோடெலிபோன் ஆபரேட்டர் உரிமம் சுவரில் இருந்தால் நல்ல அறிகுறிதான். ஆனால் உரிமம் வைத்துக்கொண்டு லிமிட்டர் வெட்டுவதையும் யாரும் தடுக்கப் போவதில்லை.

பத்து நிமிடத்தில் முடிக்கும் கடையைச் சந்தேகியுங்கள். ரேடியோ சூடேறி அதிர்வெண் நிலைபெறவே கால் மணி நேரம் ஆகும். ரிசீவர், டிரான்ஸ்மிட்டர் இரண்டையும் முறையாகப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். டம்மி லோடு இல்லாமல் உங்கள் லாரி ஆன்டெனாவிலேயே டியூன் செய்பவர், அந்த ஆன்டெனாவின் குறையையும் சேர்த்து ரேடியோவுக்குள் டியூன் செய்கிறார்.

மாற்றங்கள்: எது என்ன செய்கிறது

*லிமிட்டர் வெட்டு.* நீங்கள் எவ்வளவு கத்தினாலும் மாடுலேஷன் 100 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் சுற்று ஒன்று எல்லா சிபியிலும் உண்டு. அதன் டிரான்சிஸ்டரின் ஒரு காலை வெட்டிவிட்டால் ‘சூப்பர் மாடுலேஷன்’. செலவு: ஒரு கட்டிங் பிளையர். மெதுவாகப் பேசினால் சத்தம் கூடும், உண்மைதான். சாதாரணக் குரலில் பேசினாலே கேரியர் அலையின் பள்ளம் பூஜ்யத்தில் மோதி வெட்டுப்படும். அந்தக் கூர்மையான முனைகள் பக்கத்துச் சேனல்களில் சிதறலாகப் போகும், உங்கள் குரலோ கரகரக்கும். லிமிட்டரைச் சரிசெய்ய ஒரு சிறு பொட்டென்ஷியோமீட்டர் பலகையிலேயே இருக்கிறது. ஸ்கோப்பைப் பார்த்து அதை 95-க்கு வைத்தால் தேவையான சத்தம் கிடைத்துவிடும். சத்தம் கூட்டும் பவர் மைக்கைப் போட்டு முழுதாகத் திருப்பி வைத்தாலும் அதே கரகரப்புதான் வந்து சேரும்.

*ஸ்விங் கிட்.* இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் இதில் உண்மையும் பொய்யும் கலந்திருக்கிறது. ஏ.எம். ரேடியோவில் ஒலிப்பகுதி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஃபைனல் டிரான்சிஸ்டரின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. முழு மாடுலேஷனுக்கு, ஃபைனல் வாங்கும் நேர்மின் திறனில் பாதி அளவு ஒலித்திறன் வேண்டும். தொழிற்சாலை இந்தச் சமநிலையை 4 வாட்டுக்குப் பார்த்து வைத்திருக்கிறது.

இப்போது ஒருவர் கேரியரை மட்டும் 8 வாட்டாக்குகிறார் என்று வையுங்கள். ஒலித்திறன் அப்படியே இருப்பதால் மாடுலேஷன் 70 சதவீதத்துக்கு இறங்கும். எதிர்முனை ரிசீவரின் ஏ.ஜி.சி. (சிக்னலின் வலுவுக்கேற்பப் பெருக்கத்தைத் தானே மாற்றும் சுற்று) வலுவான கேரியரைக் கண்டு ஒலியை அடக்கும். முள் மேலே நிற்கும், குரல் கேட்காது. ‘சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தமாகப் பேசு’ என்று பதில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

ஸ்விங் கிட் எதிர்த்திசையில் போகிறது. கேரியரை 1 வாட்டுக்கு இறக்கி, ஒலியை அப்படியே விடுகிறது. ஏ.ஜி.சி. குறைவான கேரியரைக் கண்டு ஒலியைத் தூக்குவதால் அருகில் இருப்பவருக்குச் சத்தமாகக் கேட்கும். மீட்டர் 1-இலிருந்து துள்ளும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அதே ஒலித்திறனில் உச்சம் 9 வாட்தான் வரும், தொழிற்சாலை நிலையில் வந்த 16-ஐவிடக் குறைவு. 1-இலிருந்து 9 ஏறுவது 4-இலிருந்து 16 ஏறுவதைவிடக் கண்ணுக்கு வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவே. பள்ளங்கள் மூன்றில் ஒரு பங்கு நேரம் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும், சிதறல் நிச்சயம். தூரத்தில் இருப்பவருக்கு 1 வாட் கேரியர் இரைச்சலில் மூழ்கிவிடும். கேரியரைக் குறைப்பதில் நியாயமான ஒரே பயன், ஆம்ப்ளிஃபயரை ஓட்ட. அதுவோ சட்டத்துக்கு வெளியே.

*காயில் திருப்பல்.* வெளியீட்டில் இருக்கும் வடிகட்டியில் ஒரு காயில், இரண்டாம் ஹார்மோனிக்கை விழுங்குவதற்காகவே வைத்தது. சேனல் 19-இன் இரண்டாம் ஹார்மோனிக் 54.37 மெகாஹெர்ட்ஸ், அது டிவி சேனல் 2-இன் இடம். அந்தக் காயிலைத் திருப்பினால் மீட்டரில் வாட் ஏறும். வாட் மீட்டருக்கு 27 மெகாஹெர்ட்ஸும் 54-உம் ஒன்றுதான், வந்ததையெல்லாம் கூட்டிக் காட்டும். ஏறிய வாட் பக்கத்து வீட்டு டிவிக்குப் போகிறதே தவிர, லாரிக்காரருக்குப் போகவில்லை.

*ஃபைனல் மாற்றம்.* பெரிய டிரான்சிஸ்டர் போட்டால் பெரிய திறன் என்பது கேட்க நன்றாக இருக்கும். அதை ஓட்டும் டிரைவர், மாடுலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், ஒலி ஐ.சி. எல்லாம் பழையவையே என்றால் வித்தியாசம் சொற்பம். 2எஸ்சி1969 என்பது 27 மெகாஹெர்ட்ஸில் 16 வாட் தரக்கூடியதாக மிட்சுபிஷி தயாரித்தது. அதே எண் அச்சிட்ட போலிகள் சந்தையில் ஏராளம், அவை பாதித் திறனிலேயே வெந்துவிடும். எரிந்துபோன ஃபைனலுக்கு மாற்றுப் போடுவது பழுதுபார்த்தல், நன்றாக இருப்பதைக் கழற்றுவது வியாபாரம்.

*ரிசீவர் ‘ஹாட்’.* வீட்டில் எளிதாகச் சோதிக்கலாம். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் குமிழ்) திறந்து, ஆன்டெனாவைக் கழற்றிச் சீறலைக் கேளுங்கள். மாட்டியதும் இரைச்சல் தெளிவாகக் கூடினால், உங்கள் ரிசீவர் வெளி இரைச்சலைக் கேட்கும் அளவுக்கு ஏற்கெனவே கூர்மையாக இருக்கிறது. அதற்கு மேல் கெயின் கூட்டினால் குரலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், பக்கத்தில் வலுவான நிலையம் வந்தால் ரிசீவர் திணறும். மாட்டியும் மாற்றமில்லை என்றால்தான் அலைன்மென்ட் தேவை.

கிளாரிஃபயரைத் திறந்துவிடுவது (எஸ்.எஸ்.பி.யில் அனுப்பும் அதிர்வெண்ணும் சேர்ந்து நகரும்படி செய்வது), கூடுதல் சேனல் ஆகியவை அனுமதித்த அலைவரிசையை விட்டு வெளியே கொண்டுபோகும். எக்கோ, ரோஜர் பீப் எல்லாம் பொம்மைகள். காசு உங்களுடையது, ஆனால் பெயர் ‘செயல்திறன்’ அல்ல.

பணம் கொடுக்கத் தகுந்த வேலைகளும் உண்டு. எழுபது, எண்பதுகளின் ரேடியோவில் உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுவது, அதிர்ந்து விட்டுப்போன சால்டரிங்கைப் புதுப்பிப்பது, மைக் சாக்கெட்டையும் ஸ்விட்சையும் சுத்தம் செய்வது. பவர் கம்பிகளை நேர், எதிர் மாற்றி இணைத்த பிறகு ஃபியூஸ் தொடர்ந்து எரிகிறது என்றால், பெரும்பாலும் தலைகீழ் இணைப்பிலிருந்து காக்கும் டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். அது மிக மலிவான பாகம். அதற்கு ‘ஃபைனல் போச்சு’ என்று பில் போடும் கடையும் உண்டு, டயோடை வெறுமனே வெட்டிவிட்டு அடுத்த முறைக்குக் காவலில்லாமல் அனுப்பும் கடையும் உண்டு.

திரும்பி வந்ததும்

பழைய படங்களை வைத்து உள்ளே ஒப்பிடுங்கள். வெட்டிய கால், கருப்புப் பிசின் பூசிய இடம், உடைந்த காயில் முனை, புதிதாகத் தொங்கும் கம்பி ஆகியவற்றைத் தேடுங்கள். முன்பக்க மீட்டரை நம்பவே வேண்டாம். அதற்கென்று தனிப் பொட்டென்ஷியோமீட்டர் உள்ளே இருக்கிறது, அதைத் திருப்பினால் வாட் ஏறாமலே முள் கோடியைத் தொடும்.

அதே டம்மி லோடு, அதே மின்வழங்கி, அதே 13.8 வோல்ட். மின்வழங்கியை 15-க்கு வைத்து அளந்தாலே 18 சதவீதம் ‘கூடிவிடும்’. கேரியரையும் ஆம்பியரையும் பழைய குறிப்போடு பாருங்கள். பிறகு ரேடியோவுக்கும் மீட்டருக்கும் நடுவில் 30 மெகாஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றை மாட்டி மறுபடி அளக்கவும். நல்ல ஃபில்டரின் சொந்த இழப்பு பத்து சதவீதத்துக்குள். அதைவிட வெகுவாக இறங்கினால், இறங்கியது ஹார்மோனிக்.

ஸ்கோப் கிடைத்தால், 50 ஓம் சுமையில் 4 வாட் கேரியர் உச்சிக்கு உச்சி 40 வோல்ட். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து ஏற்றும்போது 80 வரை போகலாம், பள்ளம் நடுக்கோட்டைத் தொட வரலாம். நடுக்கோட்டில் தட்டையாகப் படுத்தால் மாடுலேஷன் அதிகம். ஸ்கோப் இல்லாவிட்டால் அதே நண்பர், அதே தூரம், 18-உம் 20-உம். முன்பு இல்லாத சிதறல் இப்போது இருந்தால் அதுவே சாட்சி.

அதிர்வெண்ணில் சட்டம் விடும் விலகல் 0.005 சதவீதம், அதாவது 27 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,350 ஹெர்ட்ஸ். ஏ.எம்.முக்கு இது போதும். எஸ்.எஸ்.பி.யில் 100 ஹெர்ட்ஸ் தள்ளினாலே குரல் வாத்துபோல் ஒலிக்கத் தொடங்கும், ஆகவே எஸ்.எஸ்.பி. ரேடியோ என்றால் சூடேறிய பின் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கெடுத்ததைத் திருப்ப வேண்டுமானால், வெட்டிய லிமிட்டர் காலை இணைப்பதும் ஸ்விங் கிட்டைக் கழற்றுவதும் எளிது. திருப்பிய காயில்களைக் கண்ணால் பார்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. சர்வீஸ் மானுவலும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் உள்ள மேசைக்குத்தான் போக வேண்டும். பழைய ரேடியோ வாங்குபவர்களும் மூடியைத் திறந்து பார்த்தபின் விலை பேசலாம். மெழுகு உடைந்த காயில்கள் நான்கைந்து தெரிந்தால், முழு அலைன்மென்ட் கூலியைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.